முதல் அசெம்பிள்: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். உதிரிகளைத் தேடித் தேடி வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்து உங்கள் முதல் கம்ப்யூட்டரை நீங்களே அசெம்பிள் செய்திருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, கலர் விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் மானிட்டர் "சிக்னல் இல்லை" என்கிறது. நடுவில் ஒரு தடவை எதுவுமே அசையவில்லை, பிறகு தானாகச் சரியாகிவிட்டது. மதர்போர்டு போய்விட்டதா, எதைத் திருப்பிக் கொடுப்பது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். புதுப் பொருள் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போய் வருவது உண்டுதான். ஆனால் நான் கை வைத்துப் பார்த்த முதல் அசெம்பிள்களில் பெரும்பாலும் சரியாக உட்காராத ஏதோ ஒன்றோ, மாட்ட மறந்த ஒரு வயரோதான் காரணமாக இருந்திருக்கிறது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கும், அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று. காசு போட்டு வாங்கிய பொருள், பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்திலேயே அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தாமல் விட்டுவிடுகிறோம். ரேமையும், மதர்போர்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் அகலமான 24 பின் கனெக்டரையும் நன்றாக அழுத்தித்தான் ஆக வேண்டும். பிராசசரை ஒரு துளிகூட அழுத்தக் கூடாது. இந்த இரண்டும் இடம் மாறினால்தான் வம்பு.

என் முதல் மெஷினும் இப்படித்தான் இரண்டு நாள் இருட்டாகக் கிடந்தது. ரேமைக் கழற்றி மாட்டியாயிற்று, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டியாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். டார்ச் அடித்து ஸ்லாட்டைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தவர், இரண்டு கட்டை விரலையும் ரேமின் இரண்டு முனையிலும் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்' என்றது. "பயந்து பயந்து சொருகினா எப்படி தம்பி?" என்றார். அவ்வளவுதான், திரையில் மதர்போர்டின் லோகோ வந்து நின்றது. ஒரு பக்கக் கிளிப் மூடியதைப் பார்த்து, முழுக்க உட்கார்ந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

சரி, தேட ஆரம்பிக்கும் முன், பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் கண்டதையும் கழற்றி மாட்ட வேண்டி இருக்காது. கேபினட் பொத்தான் மின்சாரத்தை நேரடியாக ஆன் செய்வதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பிளக் போட்டு, பின்புற சுவிட்சை ஆன் செய்த உடனேயே, கம்ப்யூட்டர் 'ஆஃப்' ஆக இருக்கும்போதுகூட, 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பொத்தான் அந்த மதர்போர்டிடம் ஒரு செய்தி சொல்கிறது. மதர்போர்டு 24 பின் கனெக்டரில் இருக்கும் பச்சை வயரைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. அப்போதுதான் எஸ்எம்பிஎஸ் முழுதாகக் கிளம்புகிறது. ஃபேன் சுற்றுவது இந்த இடத்தில். மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பிறகு, 100 முதல் 500 மில்லி விநாடிக்குள், 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று எஸ்எம்பிஎஸ் இன்னொரு வயரில் சொல்லும். அதற்குப் பிறகுதான் பிராசசர் கண் விழிக்கிறது. அது பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம்) இருக்கும் சிப்பைப் படிக்கிறது, ரேமைத் தேடிச் சரிபார்க்கிறது, அப்புறம் கிராபிக்ஸ், கடைசியில்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற படம்.

அதாவது ஃபேன் சுற்றுவதற்குப் பிராசசரோ ரேமோ வேலை செய்ய வேண்டும் என்று அவசியமே இல்லை. ஃபேன் சுற்றுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் கிளம்பிவிட்டது, அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. கலர் விளக்குக்கும் இதே கதைதான். உங்கள் சிக்கல், எஸ்எம்பிஎஸ் கிளம்பியதற்கும் படம் வருவதற்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது.

எதைத் தொடுவதற்கு முன்னும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, கேபினட் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மதர்போர்டில் ஏதாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது மங்கி அணைவதைப் பார்க்கலாம். கேபினட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் என்ன ஆனாலும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் சொருகி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மதர்போர்டில் துளை இருக்கிறது என்பதற்காக அதில் படம் வரும் என்று அர்த்தம் இல்லை. இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கும் பிராசசர்களுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் 'ஜி' போட்டவற்றில்தான் உண்டு. 7000 வரிசையில் 'எஃப்' போட்டவற்றைத் தவிர டெஸ்க்டாப் பிராசசர்கள் எல்லாவற்றிலும் சின்னதாக ஒன்று இருக்கிறது. ஆகவே கேபிள் கார்டில் இருக்கட்டும். மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகி இருக்கிறதா பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டில் சொருகியிருந்தால் ஒரு தடவை எச்டிஎம்ஐயில் மாற்றிப் பாருங்கள்.

ஒரு சின்ன சோதனை இருக்கிறது. கீபோர்டை மாட்டி, ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் வெளியே வரவில்லை. அப்படியானால் கிராபிக்ஸ் கார்டு, கேபிள், மானிட்டர் இந்த மூன்றோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம். விளக்கு அசையவில்லை என்றால் உள்ளே போக வேண்டியதுதான்.

உள்ளே போனதும் நான் முதலில் பார்ப்பது மதர்போர்டின் இடது மேல் மூலையை. பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் மறைப்பில் அங்கே 8 பின் சாக்கெட் ஒன்று ஒளிந்திருக்கும். பிராசசருக்கான 12 வோல்ட் வருவது அந்த வழியாகத்தான். 24 பின்னை மட்டும் மாட்டிவிட்டு இதை மறந்தால் நீங்கள் சொல்கிற அதே அறிகுறிதான் வரும்: ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், பிராசசர் மட்டும் பட்டினி. சில போர்டுகளில் 8 பின் பக்கத்திலேயே இன்னொரு 4 பின் அல்லது 8 பின் இருக்கும். வழக்கமாக ஓட அந்த இரண்டாவது தேவைப்படாது, முதலாவது கண்டிப்பாக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து வரும் 8 பின் வயர்களில் இரண்டு வகை உண்டு. நான்கு நான்காகப் பிரிவது பிராசசருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். தவறாக மாட்ட முடியாதபடி பின்களுக்கு வெவ்வேறு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 'அழுத்தத்தான் வேண்டும்' என்று நான் சொன்னதைக் கேட்டு இதை முரட்டுத்தனமாகத் திணித்துவிடாதீர்கள். நேராகப் பிடித்தும் உள்ளே போக மறுத்தால் வயரைத் திருப்பி, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

வயர் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ் என்றால், அதோடு வந்த வயர்களைத்தான் போட்டீர்களா? பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் நீளமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று அதை எடுத்து இதில் மாட்டினால் ஆபத்து. போர்டு பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் என்ன மின்சாரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் வேறுபடும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் புகைந்த கதைகள் நிறைய உண்டு.

(பழைய காலத்தில் இதைவிட மோசம். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் தரத்தைக் கொண்டுவரும் முன், மதர்போர்டு பவர் வயர் இரண்டு துண்டாக வரும். இடம் மாற்றியும் சொருகிவிட முடியும், சொருகினால் போர்டு காலி. 'கறுப்போடு கறுப்பு' என்று மனப்பாடம் செய்துதான் மாட்டுவார்கள், அதாவது இரண்டு துண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். இன்றைக்கு நாம் செய்கிற தவறுகள் அவ்வளவு எளிதில் பொருளைக் கொல்வதில்லை.)

அடுத்தது ரேம். உங்கள் போர்டில் நான்கு ஸ்லாட் இருந்து, கையில் இரண்டு ரேம் இருந்தால், அவை பிராசசரில் இருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று சின்ன எழுத்தில் அச்சாகி இருக்கும். முதல் இரண்டில் அடுத்தடுத்து மாட்டுவது பலரும் செய்வது. சில போர்டு பொறுத்துக்கொள்ளும், சில போர்டு கறுப்புத் திரையைக் காட்டும். சோதனைக்கு ஒரே ஒரு ரேமை ஏ2-ல் மட்டும் வையுங்கள்.

மாட்டும் விதம்: கிளிப்பை முழுக்கத் திறங்கள். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் அசையும், கிராபிக்ஸ் கார்டு பக்கம் அசையாது. அதைத் திறக்கப் பார்த்து உடைத்துவிடாதீர்கள். ரேமின் அடியில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டின் நடுவில் இருக்கும் மேடும் பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் திருப்புங்கள், அப்போதும் பொருந்தாவிட்டால் நீங்கள் டிடிஆர்4 போர்டுக்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேம் வாங்கியிருக்கிறீர்கள், அல்லது மாற்றி. பொருந்தினால் ஒரு முனையில் டக், மறுமுனையில் டக். போர்டு கொஞ்சம் வளைகிற மாதிரி இருக்கும், பரவாயில்லை. அப்புறம் அண்ணன் செய்தது போலக் குனிந்து பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ரேமின் தங்க நிறப் பற்கள் ஸ்லாட்டின் விளிம்புக்கு மேலே தெரிந்தால், அல்லது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அந்தக் கோடு சாய்ந்து தெரிந்தால், இன்னும் உட்காரவில்லை.

ரேம் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், இதற்குப் பெரும்பாலும் யாரும் பொறுமை காட்டுவதில்லை. உங்களுடையது டிடிஆர்5, அதிலும் ரைசன் 7000, 9000 வரிசைகள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டு என்றால், முதல் தடவை ஆன் செய்யும்போது மெஷின் ரேமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். எந்த வேகத்தில், எவ்வளவு தாமதத்தில் பேசினால் தவறில்லாமல் தரவு வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பு, போர்டில் ரேம் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். சில நிமிடங்கள் ஆகலாம். ரேம் அளவு கூடக் கூட இன்னும் நீளும். நடுவில் தானாகவே அணைந்து மறுபடி ஆன் ஆவதும் உண்டு. பதறிப்போய் ஆஃப் செய்தால் அடுத்த தடவை முதலில் இருந்து ஆரம்பிக்கும். ஆகவே எல்லாம் சரியாக மாட்டியிருப்பதாகத் தோன்றினால், ஆன் செய்துவிட்டுக் கால் மணி நேரம் அதன் முகத்தையே பார்க்காமல் வேறு வேலை பாருங்கள். இதிலேயே உங்கள் சிக்கல் தீர்ந்தாலும் ஆச்சரியம் இல்லை.

தீரவில்லையா? போர்டின் வலது விளிம்பில், பெரும்பாலும் 24 பின் பக்கத்தில், நான்கு மிகச் சின்ன விளக்குகள் இருக்கிறதா தேடுங்கள். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். ஃபேன் சுற்றுவதைப் பார்த்து ஊகிப்பதைவிட இந்த விளக்கு நூறு மடங்கு மேல். சில போர்டுகளில் விளக்குக்குப் பதில் இரண்டு எழுத்து காட்டும் குட்டித் திரை இருக்கும், அதன் பொருள் மதர்போர்டு கையேட்டில் இருக்கும். இரண்டுமே இல்லாத மலிவு போர்டு என்றால் நான்கு பின்னில் மாட்டும் குட்டி ஸ்பீக்கர் ஒன்று கிடைக்கும். அதைப் போட்டால் பீப் சத்தத்தை எண்ணிக் கண்டுபிடிக்கலாம்.

டிராம் விளக்கு நின்றால் மேலே சொன்ன ரேம் வேலைகளைச் செய்யுங்கள். ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நின்றால் சந்தேகம் ரேமைத் தாண்டிப் பிராசசர் சாக்கெட்டுக்குப் போகிறது. ரேமோடு பேசும் பின்கள் பிராசசருக்கு அடியில்தான் இருக்கின்றன. ஒரு பின் வளைந்திருந்தாலோ, கூலரின் ஒரு பக்கத் திருகை மட்டும் இறுக்கிப் பிராசசர் சாய்ந்து அழுந்தியிருந்தாலோ ஒரு பக்க ஸ்லாட்கள் காணாமல் போகும். கூலர் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி, சீராக இறுக்கிப் பாருங்கள். நம்ப மாட்டீர்கள், இதிலேயே சரியானவை உண்டு.

விஜிஏ விளக்கு நின்றால் கிராபிக்ஸ் கார்டு. கார்டைக் கழற்றி, ஸ்லாட்டின் பின்முனையில் இருக்கும் கிளிப் 'டக்' என்று மூடும்வரை மறுபடி அழுத்துங்கள். கேபினட்டின் பின்பக்கத் தகடு கார்டைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். கார்டில் தனியாகப் பவர் சாக்கெட் இருந்தால் அதற்கான வயர் அத்தனையும் மாட்டியிருக்க வேண்டும். புது வகை 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளியே தெரியாதபடி முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். அரைகுறையாக மாட்டிய 16 பின் சூடாகி உருகும், அதில் விளையாட வேண்டாம். கார்டை நிமிர்த்தி நிற்க வைக்க ரைசர் கேபிள் போட்டிருக்கிறீர்களா? அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கார்டை நேராகப் போர்டில் மாட்டுங்கள். பழைய தலைமுறை ரைசர் கேபிளில் புதுக் கார்டு கறுப்புத் திரை காட்டுவது அடிக்கடி நடப்பது. பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருந்தால் கார்டே இல்லாமல் மதர்போர்டு துளையில் கேபிளைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சிபியு விளக்கு நின்றால் மறுபடி அந்த 8 பின். அது சரி என்றால் பயாஸ் பதிப்பு. சாக்கெட்டில் பிராசசர் பொருந்துகிறது என்பதற்காக அந்தப் போர்டுக்கு அதை அடையாளம் தெரியும் என்று சொல்ல முடியாது. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 600 வரிசை சிப்செட் போர்டுகள் 12-ஆம் தலைமுறை இன்டெல்லோடு வந்தவை. அதே போர்டில் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர் ஓட பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். ஏஎம்4-ல் பி450 போர்டில் ரைசன் 5000 போடுவதும், ஏஎம்5-ல் பி650 போர்டில் 9000 வரிசை போடுவதும் இதே கதை. போர்டு நெடுநாள் கிடங்கில் இருந்த பழைய சரக்கு என்றால் பழைய பயாஸ்தான் இருக்கும். போர்டின் பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் கவலை இல்லை. பிராசசரும் ரேமும் இல்லாமலேகூட வேலை முடியும். வேறொரு கம்ப்யூட்டரில் பயாஸ் கோப்பை இறக்கி, கையேட்டில் சொன்ன பெயருக்கு மாற்றி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, அதற்கென்று குறிக்கப்பட்ட துளையில் சொருகிப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும். சிமிட்டி முடியும்வரை கை வைக்காதீர்கள். ஃபிளாஷ்பேக் இல்லாத போர்டு என்றால் பழைய பிராசசர் ஒன்றைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

எந்த விளக்காக இருந்தாலும் பயாஸ் அமைப்பை ஒரு தடவை அழித்துவிடுவது நல்லது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். அல்லது கையேட்டில் காட்டியிருக்கும் இரண்டு பின்களைத் திருப்புளி முனையால் சில விநாடி சேர்த்துப் பிடியுங்கள்.

இப்போது அந்த ஒரு தடவை எதுவுமே அசையாமல் இருந்ததற்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. இரண்டு சாத்தியம். ஒன்று, கேபினட் பொத்தானின் வயர் போர்டில் சரியாக உட்காரவில்லை. அதைச் சோதிப்பது எளிது. போர்டின் கீழ் வலது மூலையில் இருக்கும் பின் கூட்டத்தில் பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்னைக் கையேட்டைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். அந்த இரட்டை வயரைக் கழற்றிவிட்டு, திருப்புளி முனையால் இரண்டு பின்னையும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். மெஷின் கிளம்பினால் கேபினட் பொத்தானோ அதன் வயரோதான் குறை. அங்கே இருப்பது வெறும் சிக்னல்தான், ஷாக் அடிக்காது, பக்கத்துப் பின்னைத் தொடாமல் இருந்தால் போதும். சுவிட்ச் வயரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும், விளக்கு வயருக்கு மட்டும்தான் பிளஸ் மைனஸ் உண்டு.

இன்னொரு சாத்தியம், எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது. எங்காவது ஷார்ட் ஆனால் அது உடனே வெட்டிவிடும். பின்புற சுவிட்சை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்யும்வரை மறுபடி கிளம்பாது. யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு 'தானாகச் சரியானது' என்று சொல்கிறீர்களே, நடுவில் பிளக்கைப் பிடுங்கி மாட்டினீர்களா? ஆம் என்றால் ஷார்ட்டைத் தேட வேண்டும். ஆன் ஆன ஓரிரு விநாடியில் அணைந்து, மறுபடி ஆன், மறுபடி ஆஃப் என்று போனாலும் இதைத்தான் தேட வேண்டும்.

ஷார்ட்டுக்கு எனக்குப் பிடித்த சந்தேக இடம் மதர்போர்டின் அடிப்பகுதி. கேபினட் தகட்டில் இருந்து போர்டைத் தூக்கிப் பிடிக்கும் பித்தளைக் கால்கள், போர்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். பெரிய போர்டுக்காக ஏற்கெனவே திருகி வைத்திருந்த ஒரு கால், உங்கள் சிறிய போர்டின் ஓட்டை இல்லாத இடத்தில் நின்றால் அது பின்பக்க சால்டர் புள்ளிகளை நேராகத் தொடும். கீழே விழுந்து தேடிக் கிடைக்காமல் போன திருகு ஒன்று உண்டா? அதுவும் அங்கேதான் இருக்கும். பின்பக்க ஓட்டைகளுக்கான தகட்டின் நாக்கு ஒன்று மடங்கி யுஎஸ்பி துளைக்குள் நுழைந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதை எல்லாம் கேபினட்டுக்குள் தலையை விட்டுத் தேடுவதைவிட, போர்டை வெளியே எடுத்துவிடுவது சுலபம். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். அதைச் சுற்றி வந்த பளபளப்புப் பையின் மேல் வைக்க வேண்டாம், அதன் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தக்கூடும். பிராசசர், கூலர், ஏ2-ல் ஒரு ரேம், 24 பின், 8 பின், பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டு. இவ்வளவுதான். டிஸ்க் வேண்டாம், முன்பக்க யுஎஸ்பி வேண்டாம், கலர் விளக்கு வயர் எதுவும் வேண்டாம். திருப்புளியால் ஆன் செய்யுங்கள். படம் வந்தால் உதிரிகள் எல்லாம் நல்லவை, கேபினட்டில்தான் சிக்கல். வரவில்லை என்றால் தேட வேண்டியது நாலைந்து பொருளுக்குள் சுருங்கிவிட்டது.

வெளியே எடுத்த கையோடு கூலரையும் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? உரிக்காவிட்டால் ஆன் ஆகி, கொஞ்ச நேரத்தில் சூட்டில் அணையும். ஏஎம்4 பிராசசர் என்றால் கூலரை நேராக இழுக்காமல் மெதுவாக இடம் வலம் திருகிக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் நடுவில் தடவியிருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சாக்கெட்டில் பின் இருக்கும் வகை என்றால் பிராசசரைத் தூக்கிவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நாற்று நட்ட வயல் மாதிரி எல்லாப் பின்னும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே மாதிரி மின்னும். ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னினால் அது வளைந்திருக்கிறது. கை நடுங்காதவர், பூதக்கண்ணாடி வைத்து நிமிர்த்தலாம். உங்கள் முதல் அசெம்பிளில் அந்த வீரம் வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். சாக்கெட்டை மூடி வந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வாரண்டிக்குக் கொடுக்கும்போது அது இல்லாவிட்டால் வம்பு.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் என்றால் தனியாகச் சோதிக்கலாம். எல்லா வயரையும் போர்டில் இருந்து கழற்றிவிட்டு, சோதனைக்கு ஒரு கேபினட் ஃபேனை மட்டும் அதில் மாட்டி, 24 பின்னில் 16-ஆம் துளையையும் அதன் பக்கத்து 17-ஐயும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதற்குப் பிறகு சுவிட்சை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த ஃபேனை நம்பாதீர்கள், சூடாகும்வரை சுற்றாத வகைகள் இருக்கின்றன. கிளிப் சோதனையில் சுற்றினால் அது கிளம்புகிறது என்று மட்டும்தான் அர்த்தம், சுமை ஏறும்போது தாங்குமா என்பது வேறு. மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் வயரில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்ட வேண்டும். துளைகளின் எண் வரிசை பிடிபடாவிட்டால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை அதன் சொந்த வயர்களோடு கொண்டுவந்து மாட்டிப் பாருங்கள்.

கடைசியில் பூட் விளக்கு நின்றாலோ, பூட் டிவைஸ் இல்லை என்று திரையில் எழுத்து வந்தாலோ சந்தோஷப்படுங்கள். அசெம்பிள் முடிந்துவிட்டது, இன்னும் விண்டோஸோ லினக்ஸோ போடவில்லை என்று மெஷின் சொல்கிறது, அவ்வளவுதான். பயாஸில் டிஸ்கே தெரியவில்லை என்றால் மட்டும் கையேட்டைத் திறங்கள். சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டில் (போர்டிலேயே படுக்க வைத்து மாட்டும் இடம்) எஸ்எஸ்டி போட்டால், வயரில் டிஸ்க் மாட்டும் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு ஊமையாகிவிடும். ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ சமாச்சாரத்தை எல்லாம் ஓஎஸ் போட்டு முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தட்டியதும் திரை மறுபடி கறுத்தால் பேட்டரியை எடுத்து வைக்கும் அதே வேலைதான்.

முதலில் மானிட்டர் கேபிள், 8 பின், ஏ2-ல் ஒற்றை ரேம், கால் மணி நேரக் காத்திருப்பு, இந்த நான்கையும் முடித்துவிட்டு எந்த விளக்கு நிற்கிறது என்று எழுதுங்கள். பிராசசர், போர்டு இரண்டின் முழுப் பெயரையும் சேர்த்து எழுதினால் பயாஸ் விஷயத்தை நானே பார்த்துச் சொல்கிறேன். படம் வந்துவிட்டால் அந்த உற்சாகத்தில் உடனே வயரை எல்லாம் கட்டி, பக்கத்துக் கண்ணாடியை மாட்டிவிடாதீர்கள். ஒரு நாள் திறந்தபடியே ஓடட்டும்.